பட்ட காலிலேயே படுவது ஏன்?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா, பென்னாகரம் வட்டத்தில் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 36. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் 9 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். மகளிர் குழுக் கடனிலும் மனைவியின் நகையை அடகு வைத்த பணத்திலும் 20 பெட்டை ஆடுகளும் ஒரு கிடாவும் வாங்கினேன். எல்லாம் சேலம் கருப்பு இனம். இரண்டு ஆண்டில் 41 உருப்படிகள் ஆயின. போன வைகாசியில் முதல் மழை பெய்த வாரம், நன்றாகக் கொழுத்திருந்த மூன்று குட்டிகள் ஒரே இரவில் செத்தன. ஆவணியில் நாய்கள் புகுந்து இரண்டைக் கடித்துக் கொன்றன. அன்றிலிருந்து கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, மேய்ச்சலையும் குறைத்துவிட்டேன். இழப்பை ஈடுகட்ட ஐப்பசியில் சந்தையில் 9 ஆடுகள் வாங்கி வந்தேன். எட்டாம் நாள் அவற்றில் இரண்டுக்குக் காய்ச்சலும் சளியும் கண்டன. பிறகு வாயெல்லாம் புண், கண்ணில் பீளை, கழிச்சல். மூன்று வாரத்துக்குள் 17 ஆடுகள் போய்விட்டன. கடைசி ஆடு செத்துப் பத்து நாளாகிறது. மீதி 28. என் தந்தை “பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்” என்கிறார். பட்டிக்கு ராசி இல்லை, வாசலை மாற்று என்கிறது ஊர். ஒரு வியாபாரி இருப்பதை மொத்தமாகக் கேட்கிறார். விற்றுவிட்டு ஓசூருக்கே போய்விடலாமா? அல்லது இன்னும் கொஞ்சம் கடன் வாங்கி, ஒரேயடியாக 30 ஆடுகள் இறக்கி, விட்டதைப் பிடிக்கலாமா? இரவில் தூக்கம் வருவதில்லை. சில நேரம், இருந்து என்ன பயன் என்றும் தோன்றுகிறது. பின்குறிப்பு: தாய் செத்துப்போன ஒரு குட்டியை என் மகள் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கிறாள். பிறந்து 20 நாளாகிறது. எவ்வளவு பால் கொடுக்கலாம்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, ஆடுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், இருந்து என்ன பயன் என்று தோன்றுவதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் கால்நடை மருத்துவன். மனித மனத்துக்கு மருத்துவம் பார்க்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் இந்த மாவட்டத்தின் பட்டிகளிலும் தொழுவங்களிலும் பல ஆண்டுகள் நடந்தவன் என்ற முறையில், இந்த வரியைப் படித்துவிட்டுத் தடுப்பூசி அட்டவணைக்குத் தாவ என்னால் முடியவில்லை. இன்றைக்கே உங்கள் மனைவியிடம், எனக்கு எழுதிய அதே சொற்களில், இதைச் சொல்லிவிடுங்கள். 14416 என்ற எண் 2022 முதல் நாடு முழுவதும் இயங்கும் கட்டணமில்லா மனநல உதவி எண். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரில் சென்று மனநல மருத்துவரைப் பார்ப்பதும் நல்லது. வீட்டிலோ கொட்டகையிலோ பூச்சிமருந்து டப்பாக்கள் இருந்தால் அவற்றை எடுத்துச் சென்று சில மாதங்களுக்கு ஓர் உறவினர் வீட்டில் வைக்கும்படி மனைவியிடம் சொல்லுங்கள். இதை நான் உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை. மனம் தளர்ந்திருக்கும் எந்த விவசாயக் குடும்பத்துக்கும் இதையே சொல்வேன். ஆடு செத்ததற்காக ஓர் ஆண்பிள்ளை இப்படி உடைந்துபோகலாமா என்ற கூச்சமும் வேண்டாம். தன் கையால் குட்டி இழுத்து, தொப்புளுக்கு மருந்து வைத்து, பால் குடிக்கக் காம்பு காட்டி வளர்த்த உயிர்களை அடுத்தடுத்துக் குழியில் இறக்கியவனுக்கு அது கணக்கு நோட்டில் ஏறும் நட்டம் மட்டுமாக இருக்க முடியாது.

இனி உங்கள் தந்தையின் பழமொழிக்கு வருகிறேன். பட்ட காலிலே படும் என்பதை நான் மறுக்கப் போவதில்லை. கால்நடை வளர்ப்பில் அது பெரும்பாலும் உண்மைதான். ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்காமல் விட்டுவிடுவதுதான் பிழை. உங்கள் கடிதத்தில் மூன்று அடிகள் இருக்கின்றன. அவற்றை நீங்கள் மூன்று தனித்தனி விதிகளாக எழுதியிருக்கிறீர்கள். படித்துப் பார்த்த எனக்கு, முதல் அடி மட்டும் தனியாகவும், மற்ற இரண்டும் ஒரே சங்கிலியின் வளையங்களாகவும் தெரிகின்றன.

முதலில் வைகாசியில் செத்த குட்டிகள். முதல் மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை ஆவலாக மேய்ந்த குட்டி, மாலையில் நன்றாக இருந்து, விடிவதற்குள் துள்ளித் துடித்துச் செத்துக் கிடந்தால், எங்கள் மனத்தில் முதலில் எழும் பெயர் துள்ளுமாரி. ஆட்டின் குடலில் எப்போதும் சிறிய அளவில் இருக்கும் ஒரு நுண்ணுயிரி, தீனி திடீரென மாறும்போது மளமளவெனப் பெருகி நஞ்சைச் சுரப்பதால் வருவது அது. இதில் கவனிக்க வேண்டியது, நோஞ்சான் குட்டிகளை விட்டுவிட்டு, நிறையப் பால் குடித்து நிறைய மேயும் கொழுத்த குட்டிகளையே அது கொண்டுபோகும் என்பது. பார்ப்பவர்கள் கண் பட்டுவிட்டது என்று சொல்வதற்கும் காரணம் அதுதான். பட்டியிலேயே அழகான குட்டியல்லவா சாகிறது! மழைக்காலத்துக்கு முன்பே இதற்குத் தடுப்பூசி போட வேண்டும். முதன்முறை போடும் ஆடுகளுக்கு இரண்டு அல்லது மூன்று வார இடைவெளியில் இரண்டாம் ஊசியும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் போதும். அந்த வாரத்தில் குட்டிகளை வெறும் வயிற்றோடு பசும்புல்லில் இறக்காமல், காலையில் கொஞ்சம் சோளத்தட்டோ ராகித்தாளோ கொடுத்துவிட்டு மேய விட்டிருந்தால் அபாயம் இன்னும் குறைந்திருக்கும்.

ஆவணியில் நாய் புகுந்தது வேறு கதை. நாயால் நீங்கள் இழந்தது இரண்டு ஆடுகளைத்தான். ஆனால் நாய்க்குப் பயந்து நீங்கள் செய்தவை அதைவிடப் பெரிய இழப்புக்கு வழி திறந்துவிட்டன. நான்கு பக்கமும் தார்ப்பாயால் மூடிய கொட்டகையில் மூத்திரத்தின் காரநெடி வெளியேற வழியில்லை. கண் எரியும் அந்த நெடியை இரவெல்லாம் சுவாசிக்கும் ஆட்டின் நுரையீரல், கிருமி வந்து சேரும் முன்பே பாதி தோற்றுவிடுகிறது. மேய்ச்சல் குறைந்ததால் உடல் இளைத்திருக்கும். ஈரமான தரையில் கூட்டமாகக் கிடந்ததால் இரத்தக் கழிச்சல் தரும் கிருமிகளும் பெருகியிருக்கும். வளர்ந்த ஆட்டுக்கு இரவில் படுக்க ஏறத்தாழ பத்துச் சதுர அடியாவது வேண்டும். 36 ஆடுகள் நின்ற அதே இடத்தில் மேலும் ஒன்பதை நீங்கள் நுழைத்திருக்கிறீர்கள். அந்த ஒன்பதும் எங்கெங்கிருந்தோ வந்து ஒரே வண்டியில் நெருக்கியடித்து நின்றவை. சந்தை என்பது நல்லம்பள்ளியானாலும் குந்தாரப்பள்ளியானாலும் போச்சம்பள்ளியானாலும், பல ஊர்ப் பட்டிகளின் மூச்சு ஒரு காலைப்பொழுதில் ஒன்றாகக் கலக்கும் இடம். அதைக் குறை சொல்லிப் பயனில்லை, சந்தை இல்லாமல் நம் பிழைப்பும் இல்லை. ஆனால் அங்கிருந்து வரும் ஆட்டை அன்று மாலையே பட்டிக்குள் விடுவது, யாரென்று தெரியாத நோயாளியைப் பிள்ளை பெற்ற வீட்டுக்குள் படுக்க வைப்பதற்குச் சமம்.

வாய்ப்புண், பீளை, சளி, கழிச்சல், புது ஆடு வந்து எட்டாம் நாள் தொடக்கம் என்று நீங்கள் எழுதியிருக்கும் எல்லாமே ஆட்டுக்கொல்லி நோயோடு பொருந்துகின்றன. இந்த நச்சுயிரி உடலில் நுழைந்து நோயாக வெளிப்பட ஒரு வாரம் பத்து நாள் வரை ஆகலாம். எனவே வாங்கும்போது ஆடு பார்வைக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும், உங்களை யாரும் ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. செத்த ஆடுகளில் ஒன்றையாவது பரிசோதனை செய்திருந்தால் நான் இதை உறுதியாகவே எழுதியிருப்பேன். மாதிரி எடுக்காமல் பதினேழையும் புதைத்துவிட்டதால், பெரும்பாலும் அதுதான் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். இனி எந்த ஆடு செத்தாலும், சில மணி நேரத்துக்குள் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள், அல்லது 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியை அழையுங்கள். மாவட்டத்தில் நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருப்பதே இதற்காகத்தான். ஒரே ஒரு விலக்கு: செத்த ஆட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிந்திருந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், அதை அறுக்கவும் கூடாது, தோல் உரிக்கவும் கூடாது. மருத்துவர் வரும்வரை நாயும் காக்கையும் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் நான் விரித்து எழுதுவது உங்கள்மேல் குற்றம் சுமத்துவதற்காக அல்ல. ராசி என்ற சொல் ஆறுதல் போலத் தோன்றும். நம் கையில் எதுவும் இல்லை என்று சொல்லி அது பழியை இறக்கி வைக்கிறது. கூடவே தேடுவதையும் நிறுத்திவிடுகிறது. வாசலை வடக்கிலிருந்து கிழக்குக்கு மாற்றியவர், புது ஆட்டைத் தனியே கட்டாமல் மறுபடியும் உள்ளே விட்டு, மறுபடியும் இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பட்டியில் செத்த 22 ஆடுகளில் 17 ஒரே ஒரு நுழைவினால் போனவை. அதாவது நீங்கள் 22 முறை தோற்கவில்லை. ஓர் ஐப்பசி மாலையில் ஒரு முறை தவறினீர்கள். தவறு எங்கே என்று தெரிந்த இழப்பும் வலிக்கத்தான் செய்யும், ஆனால் அது மீண்டும் வராமல் பூட்டுவதற்கு ஒரு கதவாவது இருக்கிறது.

தவறாமல் இருக்க யாருக்குத்தான் முடிந்தது? ஆட்டுக்கொல்லி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நம் தமிழ்நாட்டில்தான்; 1987-இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். அதற்கு முன் இப்படிச் சாகும் ஆடுகளைப் பார்த்தவர்கள், அதன் நெருங்கிய உறவான, மாடுகளை வாரிக்கொண்டுபோன வெக்கை நோய் என்றே நினைத்தார்கள். நான் பணியில் சேர்ந்த புதிதில், பாலக்கோடு பக்கத்து மலையடிவாரத்தில் ஒரு மந்தைக்குக் கழிச்சல் என்று அழைத்தார்கள். குடற்புழு என்று முடிவுகட்டி மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பினேன். ஐந்தாம் நாள் போனபோது மந்தையில் பாதி இல்லை. அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை, மோர் கொடுத்தார். அந்த மோரைக் குடிக்க நான் பட்ட பாடு இன்றும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து கழிச்சல் என்று யார் சொன்னாலும் முதலில் ஆட்டின் வாயைத் திறந்து ஈறைப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. உங்கள் தந்தை வயதுக்காரர்கள் வெக்கையில் தொழுவங்கள் காலியானதைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த வெக்கை இன்று உலகிலேயே இல்லை. தடுப்பூசியால் ஒழிந்துவிட்டது என்று 2011-இல் அறிவித்தார்கள். ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள் அப்படி ஒழிப்பதே உலக அளவில் வைத்திருக்கும் இலக்கு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மொத்தமாக விற்றுவிடுவது, மொத்தமாக வாங்கிக் குவிப்பது என்ற இரண்டும் எதிரெதிரான யோசனைகள் போலத் தோன்றினாலும், ஒரே தளர்ச்சியின் இரண்டு பிள்ளைகள். வலி உடனே நிற்க வேண்டும் என்ற அவசரம்தான் இரண்டுக்கும் தாய். மூன்று மாதங்களுக்கு இரண்டையும் செய்யாதீர்கள் என்பது என் திட்டமான கருத்து. விட்டதைப் பிடிக்கலாமா என்று நீங்கள் எழுதியிருக்கும் சொல் சீட்டாட்ட மேசையின் சொல். பட்டிக்குள் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். முப்பது புது ஆடுகளை இறக்குவது, ஒன்பதை இறக்கிய அதே தவறை மும்மடங்காகச் செய்வதுதான். விற்பதிலும் ஒரு நியாயப் பிரச்சினை உண்டு. கடைசி ஆடு செத்துப் பத்தே நாளான பட்டியிலிருந்து ஆடுகளை வெளியே அனுப்பினால், உங்கள் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டிலும் நடக்கும். கடைசியாக நோய் கண்ட ஆடு முற்றிலும் தேறி ஒரு மாதமாவது ஆகும்வரை எந்த ஆடும் பட்டியைத் தாண்டக் கூடாது.

வியாபாரி ஏன் இப்போது கேட்கிறார் என்றும் யோசித்துப் பாருங்கள். ஆட்டுக்கொல்லியில் நோய்ப்பட்டுத் தேறிய ஆட்டுக்கு, அந்த நோய்க்கு எதிரான ஆற்றல் வாழ்நாள் முழுவதும் நிலைக்கும். தேறியபின் அது நோயை உள்ளே ஒளித்துவைத்துப் பரப்புவதும் இல்லை. உங்களிடம் மிஞ்சியிருக்கும் 28 ஆடுகளில் பெரும்பாலானவை, அந்த ஒரு நோயைப் பொறுத்தவரை, சந்தையில் நீங்கள் எந்த விலை கொடுத்தாலும் கிடைக்காத ஆடுகள். அவற்றின் குட்டிகளும் சீம்பால் வழியாகத் தாயின் பாதுகாப்பைச் சில மாதங்களுக்குப் பெற்றிருக்கும். அவை நீங்கள் எதிர்த்து நிற்பதற்கு மிஞ்சிய மூலதனம். அடிமாட்டு விலைக்குக் கொடுப்பதற்கு உரியவை அல்ல. நோய் தொடாமல் தப்பியவை எவை என்று பிரித்தறிய முடியாது என்பதால், எல்லா ஆடுகளும் தெளிந்தபின் எல்லாவற்றுக்கும் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட்டுவிடுங்கள். ஏற்கெனவே எதிர்ப்புத் திறன் உள்ளவற்றுக்கு அதனால் தீங்கில்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை போதும்; இடையில் பிறக்கும் குட்டிகளுக்கு நான்காம் மாதத்தில் போட வேண்டும்.

28-இல் எத்தனை பெட்டை என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் குட்டிகளே செத்திருக்கும் என்பதால், 16 தாய் ஆடுகளாவது இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். சினைக்காலம் ஐந்து மாதம். நல்ல தீனியில் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று எடுக்கலாம் என்பது புத்தகக் கணக்கு. சினை பிடிக்காதது, கரு கலைந்தது, குட்டி செத்தது எல்லாவற்றையும் தாராளமாகக் கழித்துவிட்டு, அடுத்த ஓராண்டில் 18 குட்டிகள் நின்றால் போதும் என்று கணக்குப் போடுங்கள். அதில் பாதியான கிடாக் குட்டிகளை விற்றாலும், மற்ற பாதியை வைத்துக்கொண்டால், வெளியிலிருந்து ஓர் ஆடுகூட வாங்காமல், சந்தைக்குப் போகுமுன் இருந்த 36 என்ற எண்ணிக்கையை நெருங்கிவிடுவீர்கள். அதுவரை பட்டிக்கு வாங்கியே தீர வேண்டியது ஒன்று மட்டும் உண்டு: இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, சொந்தக் குட்டிகளோடு சேராத வேறொரு கிடா. அதையும் மூன்று முதல் நான்கு வாரம் தனியே கட்டுங்கள். இடமில்லை என்று சொல்லாதீர்கள். உங்கள் பக்கத்தில் மாந்தோப்பு இல்லாத ஊர் குறைவு. ஒரு மரத்தடியும் ஒரு தனி வாளியும் போதும். பட்டி வேலையை முடித்துவிட்டுக் கடைசியாக அங்கே போங்கள், அங்கிருந்து நேராகப் பட்டிக்குத் திரும்பாதீர்கள்.

கொட்டகைக்கு ராசி இல்லை என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்லலாம். இந்த நச்சுயிரி வெயிலுக்கும் உலர்ச்சிக்கும் நிற்காது. தார்ப்பாயைக் கழற்றி, தரையின் மேல்மண்ணைச் சில அங்குலம் சுரண்டி எடுத்துக் குழியில் கொட்டி, சுண்ணாம்பு தூவி, சுவர்களுக்கும் தீவனத் தொட்டிக்கும் சலவைசோடாக் கரைசல் அடித்துக் கழுவி, நான்கு வாரம் பகலில் வெயில் படும்படி விட்டால் அந்த இடம் சுத்தமாகிவிடும். நாய்க்கு அஞ்சினால் இடுப்பளவுக்குச் சுவரும் அதற்கு மேல் கம்பிவலையும் போடுங்கள். காற்று போகட்டும், நாய் வராமல் இருக்கட்டும்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. ஒரு பண்ணையில் மனம் தளர்ந்திருக்கிறது என்பதை வளர்ப்பவரின் முகத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்ததில்லை. நம் ஊர் ஆண்கள் முகத்தில் எதையும் காட்டமாட்டார்கள். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால் தெரிந்துவிடும். தொட்டியின் உள்சுவரில் பச்சையாகப் பாசி ஏறியிருக்கும். தொட்டி கழுவுவது, மாலையில் எண்ணிப் பார்ப்பது, நொண்டும் ஆட்டின் குளம்பைத் தூக்கிப் பார்ப்பது போன்ற, யாரும் பாராட்டாத சிறு வேலைகள்தாம் முதலில் நின்றுபோகும். அவை நின்ற மூன்றாம் வாரத்தில் அடுத்த இழப்பு வரும். அப்போது பட்ட காலிலே படும் என்ற பழமொழியும் மெய்யாகிவிடும். சங்கிலியின் ஒரு வளையமாகத் தளர்ச்சியே மாறிவிடுவது இப்படித்தான். ஆகவே உற்சாகம் வரட்டும், பிறகு வேலை செய்கிறேன் என்று காத்திருக்காதீர்கள். காலையில் தொட்டியைக் கழுவுங்கள். மாலையில் ஆடுகள் திரும்பும்போது, ஒவ்வொன்றாகக் கீழ் இமையை விரித்துப் பாருங்கள். உள்புறம் நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெளிறியிருந்தால், அதுவும் தாடைக்குக் கீழே நீர்கோத்த வீக்கம் இருந்தால், இரத்தம் உறிஞ்சும் குடற்புழு உள்ளே இருக்கிறது. அந்த ஆட்டுக்கு மட்டும் எடை பார்த்து மருந்து கொடுங்கள். தேதி வைத்து எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தைக் கண்ணளவாக ஊற்றிக்கொண்டே இருந்தால் புழுக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு மருந்து இருந்தும் பயனில்லை. 28 ஆடுகளைப் பார்க்க அரைமணி நேரம்கூட ஆகாது. அந்த எண்ணிக்கைக்கு ஒரு நன்மையும் உண்டு: ஒவ்வொன்றையும் தினமும் கண்ணால் தொட முடிகிற எண்ணிக்கை அது.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஈன்ற தேதி, ஊசி போட்ட தேதி, விற்ற விலை, செத்தால் காரணம் என்று எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள், விதி என்று எழுதாதீர்கள். ஒழுங்காக நடக்கும் பட்டியிலும் பால்குடி மறப்பதற்குள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துக் குட்டிகள் வரை போவது இயல்பு. இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். இலாபக் கணக்கு காட்டி ஆடு வளர்க்க அழைப்பவர்கள் இந்த வரியை விட்டுவிடுவார்கள். இந்த அளவு தெரியாதவர், ஒரு குட்டி செத்தாலே தான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

கடனைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தவணை தவறிய பிறகு போய் நிற்பதைவிட, தவறும் என்று தெரிந்தவுடன் குழுத் தலைவியிடமும் வங்கியிலும் சொல்லி அவகாசம் கேட்பது எளிது. பழைய கடனை அடைக்கப் புதிய கடன் வாங்காதீர்கள், குறிப்பாக வீட்டு வாசலில் வந்து கொடுப்பவர்களிடம். பட்டி தெளிந்தபின், இருக்கும் கிடாக் குட்டிகளை ஒரேயடியாகத் தள்ளிவிடாமல், இரண்டிரண்டாக, ஆடி மாதத் திருவிழாக்கள் போன்ற விலை ஏறும் நாள் பார்த்து விற்றுத் தவணைக்குக் கொடுங்கள். எரு விற்ற பணத்தையும் கணக்கில் சேருங்கள். ஆடுகள் தெளிந்து காதுவில்லை போட்டவுடன் காப்பீடு செய்துவிடுங்கள். தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024-இல் செய்த மாற்றத்தின்படி பிரீமியத்தில் வளர்ப்பவரின் பங்கு 15 சதவீதம்தான். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு எப்போது வரும் என்று மருந்தகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்து வையுங்கள்.

ஓசூருக்குப் போவது தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் மனைவியும் தந்தையும் 28 ஆடுகளைப் பார்த்துக்கொள்ள மனமொப்பினால், ஆறு மாதம் வேலைக்குப் போய்த் தவணையைச் சமாளிப்பது புத்திசாலித்தனமாகக்கூட இருக்கலாம். வேலையை முழுவதுமாக அவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போவதாக இருந்தால் வேண்டாம். சில ஆடுகளை நம்பிக்கையான உறவினரிடம் வாரத்துக்கு (பிறக்கும் குட்டிகளில் பங்கு என்ற ஏற்பாட்டில்) விடுவதும் நம் பக்கத்து வழக்கம்தான், ஆனால் அதுவும் நோய் தெளிந்த பிறகே. இவ்வளவும் செய்து, தடுப்பூசியும் தனிக்கட்டும் தவறாமல் ஓராண்டு நடத்தியும், நோட்டில் குட்டிச் சாவு ஐந்தில் ஒன்றுக்கு மேல் நின்றால், அல்லது வட்டி வருமானத்தை விழுங்கிக்கொண்டே இருந்தால், அப்போது விற்றுவிடுங்கள். அது கணக்குப் பார்த்து எடுத்த முடிவாக இருக்கும். நல்ல ஆடுகளை நல்ல விலைக்கு விற்பீர்கள். இன்றைக்கு விற்றால் தூக்கமில்லாத ஓர் இரவின் முடிவாகத்தான் இருக்கும்.

உங்கள் மகளின் கேள்வி. குட்டியின் எடையைப் பாருங்கள். கடைத் தராசே போதும். எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஏழில் ஒரு பங்கு வரை ஒரு நாளைய பால். மூன்று கிலோ குட்டியென்றால் 300 முதல் 400 மில்லி வரை, நான்கு வேளையாகப் பிரித்து. ஆட்டுப்பால் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் பசும்பாலைக் காய்ச்சி, உடல் சூட்டுக்கு ஆறவைத்து, தண்ணீர் கலக்காமல் கொடுக்கலாம். ஆசைக்காக ஒரு வேளை கூடுதலாகப் புகட்டினால் கழிச்சல் வரும். புட்டியையும் காம்பையும் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவ வேண்டும். குட்டியை மல்லாத்திப் பிடிக்காமல், நிற்க வைத்து, தாயிடம் குடிப்பதுபோலத் தலையைச் சற்றே நிமிர்த்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போகாது. இப்போதே அகத்தியோ வேலிமசாலோ ஒரு கொத்து இளந்தழையை அதன் மூக்குக்கு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். முதலில் விளையாடும், ஒரு வாரத்தில் கடிக்கத் தொடங்கிவிடும். தாய் நோயில் செத்திருப்பதால் சீம்பாலில் பாதுகாப்பு வந்திருக்கும் என்று நம்ப முடியாது. நான்காம் மாதம் பிறந்தவுடன் முதல் ஊசி அதற்குத்தான் என்று நோட்டில் இன்றே எழுதிவைக்கச் சொல்லுங்கள், அவள் கையெழுத்திலேயே.